மூன்று சொல்லுமுன் எடுத்த படம்

தம்பி,

போன மாதம் நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம்.  உன்னோடு வீடியோவில் கதைக்கும்போது போனை எப்படிப் பிடிப்பது என்ற யோசனையிலேயே எனக்குப் பாதி நேரம் போய்விடுகிறது. "அப்பா, எனக்கு உங்கடை நெத்தியும் முகட்டுத் தகரமும்தான் தெரியுது" என்று நீ சிரிப்பாய். நான் அதைச் சரிக்கட்டி முடிக்க உனக்கு வேலை நேரம் வந்துவிடும். கட்டாரில் நாள் முழுக்க வெயிலில் நின்று மற்றவர்களுக்குக் குளிரூட்டி பூட்டுகிற பிள்ளையை மறித்துவைத்து நீட்டி முழக்கவும் எனக்கு மனமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நெடுங்கேணியிலிருந்து சின்னம்மா வரும்போது ஒவ்வொரு தாளாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். அவள் எடுத்தால் எழுத்துத் தெரியும். நான் எடுத்தால் என்னுடைய பெருவிரல்தான் தெரியும். போன மாரிக்கு யானை வந்து வாழைத்தோட்டத்தை உழக்கிவிட்டுப் போனபோது, இழப்பீடு கேட்டுப் போன அலுவலகத்தில் நட்டத்தைக் காட்டப் படம் கொண்டுவரச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டு போன படங்களைப் பார்த்துவிட்டு அந்த உத்தியோகத்தர், "ஐயா, இதிலை வாழையும் இல்லை, நட்டமும் இல்லை, உங்கடை செருப்புத்தான் இருக்கு" என்றார். கோபிக்கவும் முடியவில்லை. உண்மைதானே.

நீ கேட்டது ஒரு சின்ன விஷயம். ஆவணியில் உனக்குக் கலியாணம். வவுனியாவில் மண்டபத்தில் மணவறைக்குப் பக்கத்தில் அம்மாவின் படத்தைப் பெரிதாக்கி, பிறேம் போட்டு, மாலை சாத்தி வைக்கவேண்டும் என்றாய். நீயும் நீ கட்டப்போகிற அந்தப் பிள்ளையும் அம்மாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் மணவறையில் ஏறவேண்டும் என்றாய். நல்ல எண்ணம். பிறகு கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் மற்றதைச் சொன்னாய். "அப்பா, அந்தப் படத்திலை அம்மா கண்ணை மூடிக்கொண்டெல்லே நிக்கிறா. அப்பிடியே வைச்சா சனம் செத்தவீட்டிலை எடுத்த படமெண்டு நினைக்கும். ஸ்ரூடியோவிலை குடுத்துக் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கோ, இப்ப அதெல்லாம் செய்வினம்." நான் ஓம் என்றேன். நீ போனை வைக்கவில்லை. "எனக்கு அம்மாவின்ரை முகம் ஞாபகமில்லையப்பா. எவ்வளவு யோசிச்சாலும் வருகுதில்லை. கண் எப்பிடி இருந்ததெண்டே தெரியேல்லை" என்றாய்.  தாயை இழந்தபோது உனக்கு ஆறு வயது. ஞாபகம் இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டு இத்தனை வருடமாக உன்னிடம் அவளைப் பற்றி ஒழுங்காகக் கதைக்காமல் இருந்துவிட்டேன்.

ஏன் அம்மாவுக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கிறது, அதிலும் ஏன் கண் மூடியிருக்கிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எங்கள் கலியாணத்துக்குப் படமே இல்லை. அந்தச் சண்டைக் காலத்தில் பாதை பூட்டியிருந்த வன்னிக்குள் பிலிமும் வராது, பற்றரியும் வராது. மண்ணெண்ணெய்க்கே வழியில்லாத நேரத்தில் படத்துக்கு யார் அழுதார்கள்? பிறகு சமாதானம் என்று பாதை திறந்தபோது வெளிநாட்டிலிருந்து உன் மாமா வந்தான். ஒரு மாதம் நின்று கண்டதையெல்லாம் படம் எடுத்தான். கிணறு, உழவு இயந்திரம், நாய், நான் சாரத்தோடு பல் விளக்குவது எல்லாம் எடுத்தான். போன வருடம் அவற்றை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். நான் ஆசையோடு ஒவ்வொன்றாகத் தேடினேன். அம்மா இருக்கிறாள்தான், குசினி வாசலில் ஒரு சேலைத் தலைப்பாக. புது ஆளைக் கண்ட பயத்தில் நீயும் அதற்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தாய். தன் தம்பி வந்திருக்கிறான் என்று அந்த மாதம் முழுக்க அவள் அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை. படம் எடுக்கக் கூப்பிட்டால், "பொறடா, கறி அடிப்பிடிச்சிடும்" என்பாள். கறி அடிப்பிடிக்கவில்லை. படம்தான் இல்லாமல் போனது.

போகும்போது மாமா தன்னுடைய சின்னக் கமராவை என்னிடம் தந்துவிட்டுப் போனான். அத்தோடு ஒரு பாடமும் சொல்லித் தந்தான். "அத்தான், ஒண்டை மட்டும் மறக்காதேங்கோ. சூரியன் எப்பவும் உங்கடை முதுகுக்குப் பின்னாலை நிக்கோணும்." எனக்குத் தெரிந்த படக்கலை அவ்வளவுதான். முதல் பிலிம் றோலை முடியுமுன் மூடியைத் திறந்து பார்த்து வெளிச்சம் பிடிக்கவிட்டேன். இரண்டாவதில் ஊரில் பாதிப் பேருக்குத் தலையில்லை. வவுனியாவில் கழுவி எடுத்துக்கொண்டு வந்து காட்டினால் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "இஞ்சாருங்கோ, இது ஆர்? காலைப் பாத்தால் பெரியண்ணை மாதிரிக் கிடக்கு" என்பாள். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பத்துக்கு ஒன்றாவது நன்றாக வந்தது. அந்த நல்ல படங்களை எல்லாம் அவள் ஒரு அல்பத்தில் போட்டு அலுமாரிக்குள் வைத்தாள். ஒரு பிரதி எடுத்து மாமாவுக்கு அனுப்புவோம், அனுப்புவோம் என்றே நாட்கள் போயின. பிறகு பாதையும் பூட்டிவிட்டது.

நீ கேட்கிற படம் நாயாற்றில் எடுத்தது. உனக்குக் கடல் காட்டவேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். இரவல் மோட்டார்சைக்கிளில் ஒட்டுசுட்டானிலிருந்து மூன்று பேரும் வெள்ளெனவே வெளிக்கிட்டுப் போனோம். கரைவலைக்காரர் வலை இழுத்து முடித்து மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நீ தண்ணீரைக் கண்டதும் பயந்து அம்மாவின் இடுப்பில் ஏறியவன்தான், இறங்கமாட்டேன் என்று கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாய். அந்தக் கோலத்தில் உங்கள் இருவரையும் ஒரு படம் எடுக்க எனக்கு ஆசை வந்தது. றோலில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். மாமாவின் பாடத்தை மறக்காமல் நான் கடலுக்கு முதுகு காட்டி நின்றேன். அப்படியென்றால் அம்மா எங்கே பார்க்கவேண்டும்? நேரே உதிக்கிற சூரியனை. போதாததற்குத் தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் வேறு. "கண்ணைத் திறவும்" என்கிறேன். "நீங்கள் வந்து இதிலை நிண்டு திறந்து பாருங்கோவன்" என்கிறாள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "நான் மூடிக்கொண்டு நிக்கிறன். நீங்கள் மூண்டு எண்ணுங்கோ. மூண்டெண்டேக்கை திறக்கிறன், டக்கெண்டு எடுங்கோ."

நான் ஒன்று என்றேன். இரண்டு என்றேன். அந்த நேரம் பார்த்து நீ ஒரு நண்டைக் கண்டு கீழே சரியத் தொடங்கினாய். நீ போய்விடப் போகிறாயே என்று என் கை பதறி அமத்திவிட்டது. வாய் மட்டும் மூன்று என்று சொன்னது. அம்மா சொன்ன சொல் தவறாமல் மூன்றுக்குக் கண்ணைத் திறந்தாள். றோல் முடிந்த கமரா என் கைக்குள் கிர் என்று பிலிமைப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கண்கூசிக்கொண்டே என்னைப் பார்த்து, தலையை ஒரு பக்கம் சரித்து, "எடுத்தாச்சோ?" என்றாள். அந்தப் பார்வைதான் தம்பி படமாக வந்திருக்கவேண்டும். அது வேறு எங்கேயும் இல்லை, எனக்குள் மட்டும்தான் இருக்கிறது.

படம் கழுவி வந்தபோது அம்மா அதை அல்பத்தில் சேர்க்கவில்லை. "பழுதாப்போன படம்" என்று மேசை லாச்சிக்குள் போட்டாள். கொஞ்ச நாளில் என் அடையாள அட்டையின் பிளாஸ்ரிக் உறை தொய்ந்து, அட்டை வளையத் தொடங்கியது. வவுனியாவுக்குப் போகிற வழியில் இயக்கம், ஆமி என்று இரண்டு பக்கச் சோதனைச் சென்றியிலும் அதை எடுத்து நீட்டவேண்டும், கசங்கினால் கரைச்சல். பின்னால் வைக்க ஒரு மட்டைத் துண்டு தேடினேன். அம்மாதான் லாச்சிக்குள்ளிருந்து இந்தப் படத்தை எடுத்து, கத்தரிக்கோலால் உறையின் அளவுக்கு வெட்டினாள். தன் முகம் மட்டும் வருகிறமாதிரி வெட்ட, நீ படத்துக்கு வெளியே போய்விட்டாய். "பாருங்கோ, இவன்ரை விரலை மட்டும் வெட்டேலாமக் கிடக்கு, என்ரை கழுத்தை விடமாட்டானாம்" என்று காட்டினாள். கண் மூடியிருக்கிறதே என்று நான் சொன்னதற்கு, "நல்லதாப் போச்சு. நீங்கள் போற வாற சென்றியிலை நிக்கிற எல்லாற்றை மூஞ்சையையும் நான் பாக்கத் தேவையில்லை" என்றாள். உன் அம்மாவின் வாய் அப்படி. உனக்கு அவளுடைய முகம் ஞாபகமில்லாவிட்டால் இந்த வாயையாவது ஞாபகம் வைத்துக்கொள்.

அடுத்த வருட அறுவடைக்குப் பிறகு அவளுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. வயல் சேற்றில் நின்ற உடம்பு, சாதாரணக் காய்ச்சல் என்று நாங்கள் மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்துவிட்டோம். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது பிந்திவிட்டது. அதைப் பற்றி இன்னும் எழுத எனக்குத் தெம்பில்லை. பிறகு சண்டை வந்தது, இடம்பெயர்வு வந்தது, அதில் கொஞ்சம் உனக்கே தெரியும். அல்பத்தை ஒரு பையில் போட்டுக் கடைசி மட்டும் கொண்டுதான் போனேன். ஒரு பங்கர்க் குழியிலிருந்து அடுத்த பங்கருக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நேரம் கையில் ஒன்றைத்தான் தூக்கமுடிந்தது. அல்பத்தோடு அம்மாவின் அடையாள அட்டையும் போனது, நல்ல படங்கள் அத்தனையும் போயின. என்னுடைய அடையாள அட்டையை மட்டும் சேர்ட்டுப் பைக்குள் வைத்து ஊசி குத்தியிருந்தேன். அது இல்லாவிட்டால் மனிசன் மனிசனில்லை என்ற காலம். சண்டை முடிந்து அகதி முகாமுக்குள் போன மூன்றாம் நாள் நனைந்த உறையைக் காயவைப்பதற்காகப் பிரித்தபோதுதான் பின்னால் அம்மா இருந்தது நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டே எல்லாச் சென்றியும் தாண்டி வந்துவிட்டாள்.

சரி, ஸ்ரூடியோக் கதைக்கு வருகிறேன். நீ கேட்ட மறுநாளே வவுனியாவுக்குப் போனேன். ஸ்ரூடியோவில் இருந்தவர் நல்ல மனிதர், மரியாதையாகக் கதைத்தார். "சண்டையிலை படம் துலைச்ச சனம்தானய்யா எங்களிட்டை வாறது. தலை மட்டும் இருந்தாக் காணும், மிச்சத்தை நாங்கள் போடுவம்" என்றார். கொம்பியூட்டரில் வெறும் உடம்புகளாக வரிசையாக வைத்திருக்கிறார். தலையில்லாத பெண்கள், கூறைச் சேலை, பட்டுச் சேலை, காசுமாலை, எதுவும் தெரிந்தெடுக்கலாம். நான் எடுத்த தலையில்லாப் படங்களும் இவருக்கு உதவியிருக்கும்போல என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. ஆனால் கண்ணை உண்டாக்க முடியாதாம். வேறு ஒருவருடைய கண்ணை எடுத்து வைக்கவேண்டுமாம். "அவவின்ரை சொந்தத்திலை ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார். அடுத்த முறை சின்னம்மாவையும் நெடுங்கேணியில் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். அக்காவும் தங்கையும் ஒரே கண் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அவள் கதிரையில் நிமிர்ந்து இருந்து கமராவைப் பார்த்தாள். அவ்வளவுதான், வேலை முடிந்தது.

படம் வந்தது. சிவப்புப் பட்டுச் சேலை, கழுத்து நிறைய நகை, பின்னால் நீலத் திரை. கண் இரண்டும் நன்றாகத் திறந்து நேரே பார்க்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. நீ பார்த்தால் சந்தோசப்படுவாய். நான்தான் எதையோ தேடிக்கொண்டு நின்றேன். பிறகு பிடிபட்டது. கழுத்தில் இருந்த உன் விரல்கள் இல்லை. கேட்டபோது அவர், "அது கறையாக்கும் எண்டு நினைச்சு அழிச்சிட்டன் ஐயா, பிழையோ?" என்று பதறினார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? பிழையில்லை என்று சொல்லிவிட்டுப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன். உன்னுடைய சின்ன வயதுக்கும் வேறு படம் கிடையாது. முகாமில் பதிவுக்காக நிறுத்திவைத்து எடுத்த படம் எங்கேயாவது ஒரு பெட்டிக்குள் கிடக்கும், அதைப் போய்க் கேட்க எனக்கு விருப்பமில்லை. நீ குழந்தையாக இருந்தாய், ஒருத்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாய் என்பதற்கு அந்த நாலு விரல்தான் சாட்சி.

இருந்தாலும் நீ கேட்டதாயிற்றே என்று முன் அறைச் சுவரில் மாட்டினேன். சின்னம்மா வந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றவள், "அத்தான், இது அக்கா இல்லை. நான்தான் அக்காவின்ரை முகத்துக்குள்ளாலை பாக்கிறன்" என்றாள். பிறகு, "அக்கா ஒருநாளும் இப்பிடி நேரை பாக்கமாட்டா. தலையைச் சரிச்சு, ஏதோ பகிடி விடப் போறவ மாதிரித்தான் பாப்பா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சுவரில் அந்தப் படம் தொங்கத் தொங்க எனக்கு ஒன்று நடந்தது. ஒருநாள் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நாயாற்றை நினைத்தேன். கடல் வந்தது, வெயில் வந்தது, "எடுத்தாச்சோ?" என்ற குரல் வந்தது. கண் மட்டும் சின்னம்மாவின் கண்ணாக, நேரே பார்க்கிற கண்ணாக வந்தது. திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன், பழைய பார்வை வரவில்லை. தண்ணீர் பாத்தியை விட்டு ஓடிக்கொண்டிருக்க, நான் வரப்பில் குந்திவிட்டேன். எனக்கு அப்படிப் பயம் பங்கருக்குள் இருந்த காலத்திலும் வந்ததில்லை. அன்றே படத்தைக் கழற்றிப் பேப்பரில் சுற்றி அலுமாரிக்குப் பின்னால் முகத்தைச் சுவர்ப்பக்கமாக வைத்தேன். அவளுடைய பார்வை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. முழுக்க வந்ததா என்று எனக்கே நிச்சயமில்லை.

தம்பி, எனக்கு வயது போகிறது. வைத்த பொருளை வைத்த இடம் தெரியாமல் தேடுகிறேன். நேற்று வாசலுக்கு வந்த தெரிந்த ஆளைக் கூப்பிடப் பேரே வரவில்லை. உன் அம்மா எப்படிப் பார்த்தாள் என்பது இங்கே சின்னம்மா, நான் என்ற இரண்டு கிழடுகளின் மண்டைக்குள்தான் இருக்கிறது. இந்த நிலையில் அந்த ஸ்ரூடியோப் படத்தைக் கொண்டுபோய் மண்டபத்தில் வைத்தால், கும்பிடுகிற உனக்கு அதுதான் அம்மா. நாளைக்கு உன் பிள்ளைகளுக்கும் அதுதான் அப்பம்மா. நான் போனபிறகு இல்லை என்று சொல்ல ஆளிருக்காது. ஆகவே நீ கோபித்தாலும் பரவாயில்லை, பழைய படத்தையே பெரிதாக்கக் கொடுத்துவிட்டேன். கண் மூடினபடி, உன் விரலோடு, ஓரத்தில் அம்மாவின் கத்தரிக்கோல் கோணலாகப் போன வெட்டோடு. கறை என்று நினைத்து ஒன்றையும் அழிக்கவேண்டாம் என்று பக்கத்தில் இருந்து சொல்லிவிட்டு வந்தேன். சனம் செத்தவீட்டுப் படம் என்று நினைக்கும் என்று பயப்படாதே. கேட்கிறவர்களிடம் வாயைப் பார்க்கச் சொல். செத்த மனிசி அப்படிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பாளா? மூன்று என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாள் என்று சொல்.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு இருக்கிறதோ தெரியாது. ஆனாலும் கலியாணம் கட்டப் போகிறவனுக்குத் தகப்பன் ஒன்றும் சொல்லாமல் விட்டால் குறையாகப் போய்விடும். உன் போனுக்குள் ஆயிரம் படம் கொள்ளும், எனக்கிருந்த றோல் கவலை உனக்கில்லை. அதனாலேயே சொல்கிறேன், பழுதாய்ப் போனதை உடனே அழித்துவிடாதே. கண் மூடினது, வாய் கோணினது, பாதி வெட்டுப்பட்டது எல்லாம் கொஞ்ச நாள் கிடக்கட்டும். நல்லதென்று எடுத்துவைத்ததுதான் எங்களைவிட்டு முதலில் போனது. அந்தப் பிள்ளையை "அங்கை நில், இஞ்சை பார்" என்று வெயிலுக்குள் நிறுத்திவைக்காதே. வெயிலை நீ வாங்கு, படம் இருட்டாக வந்தால் வரட்டும். அவள் அடுப்படியில் நின்றால் நீ அடுப்படிக்குப் போ. நாலு பேர் வந்து நிற்கிற வீட்டில் அவளை வாசலில் ஒரு சேலைத் தலைப்பாக விட்டுவிடாதே. எனக்கு இதெல்லாம் அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தால் மாமா வந்த அந்த ஒரு மாதமும் நான் கறியைக் கிண்டிக்கொண்டு நின்றிருப்பேன்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவாவது வீட்டுக்கு வா. வவுனியாவில் இறங்கி மண்டப வேலை, சேலை வேலை என்று அங்கேயே நின்றுவிடாதே. சின்னம்மாவையும் கூப்பிடுகிறேன். மூன்று பேரும் இருந்து கதைப்போம். அம்மா எப்படிப் பார்ப்பாள், எப்படி ஏசுவாள், உன்னை என்னவென்று கூப்பிடுவாள், எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறவரைக்கும் சொல்கிறேன். நீ கேட்டுக்கொண்டிரு. முகம் வராவிட்டாலும் ஆள் வருவாள்.

இன்னுமொன்று. அவள் போனபிறகு நான் உன்னை ஒரு படம்கூட எடுத்ததில்லை. கமராவைத் தொடவே மனம் வரவில்லை. யானைக்காக எடுத்ததைக் கணக்கில் சேர்க்காதே. கலியாணத்தன்று பெரிய கமராக்காரர் எத்தனையும் எடுக்கட்டும், எனக்கு ஒன்றே ஒன்று விடு. அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் நீயும் அந்தப் பிள்ளையும் நில்லுங்கள். போனை எப்படிப் பிடிப்பதென்று சின்னம்மா எனக்குப் பழக்கித் தருகிறாள். பெருவிரல் விழாமல் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று முழுதாகச் சொல்லித்தான் அமத்துவேன். மூன்று சொன்னபிறகும் நான் அமத்தாமல் நின்றால், "என்னப்பா, எடுத்தாச்சோ?" என்று அவசரப்படுத்தாதே. கொஞ்ச நேரம் உங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அப்பா